வழக்கு தந்த கவிதைகள்

1660 டிசம்பரில் கவிஞர் மில்டன் காவலிலிருந்து விடுதலையானதைச் சென்ற வாரம் பார்த்தோம். விடுதலை செய்த கையோடு, அவரைக் காவலில் வைத்திருந்த நாடாளுமன்ற அதிகாரி கட்டணம் என்று 150 பவுண்டு கேட்டார். இது அநியாயம் என்று அவையில் முறையிட்டவர் ஹல் நகர உறுப்பினர் ஆண்ட்ரூ மார்வெல். மன்னராட்சி திரும்பி, முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டவைத்தவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பார்வையிழந்த ஒரு குடியரசுவாதிக்காக அந்த அவையில் வாய் திறக்க நெஞ்சுரம் வேண்டும்.

மார்வெல் 1621இல் யார்க்‌ஷயரின் வைன்ஸ்டெட் கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார், உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் ஐரோப்பாவைச் சுற்றினார். பிறகு, நாடாளுமன்றப் படைத் தலைமையைத் துறந்து நன் ஆப்பிள்டன் மாளிகையில் ஒதுங்கியிருந்த ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் மகளுக்கு ஆசிரியரானார். 1657இல் மில்டனின் அலுவலகத்தில் லத்தீன் செயலர் வேலை. 1659 முதல் நாடாளுமன்றம்.

1650இல் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் அயர்லாந்திலிருந்து வென்று திரும்பியபோது மார்வெல் ஒரு கவிதை எழுதினார். வெற்றி வீரனைப் பாட எழுந்த அந்தக் கவிதை, நடுவில் கொலைமேடைக்குத் திரும்பி, தோற்ற மன்னர் கண்ணியத்தோடு சாவை ஏற்றதையும் பாடுகிறது. வென்றவனையும் மாண்டவனையும் ஒரே நேர்மையோடு பார்க்கும் அரசியல் கவிதை ஆங்கிலத்தில் இதற்கு நிகராக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

ஆனால் அதை அவர் அச்சேற்றவில்லை. உயிரோடிருந்தபோது வெளிவந்த அவர் கவிதைகள் மிகச் சில. ஊர் அவரை அறிந்தது ஹல் நகரத்துக்குத் தவறாமல் கடிதம் எழுதிய உறுப்பினராகவும், அரசைச் சாடிய எழுத்தாளராகவும்தான். 1677இல் பெயரில்லாமல் வந்த அவருடைய நூல், இங்கிலாந்தைச் சர்வாதிகாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று குற்றம்சாட்டியது. அதை அச்சுக்குக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்று அரசு அறிவித்தது. அரசின் கை எட்டுவதற்குள், 1678 ஆகஸ்டில், முறைக்காய்ச்சலில் மார்வெல் இறந்தார்.

இங்கேதான் மேரி பால்மர் வருகிறார். மார்வெலின் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணி. லண்டன் கிரேட் ரஸ்ஸல் தெருவில் மேரியின் பெயரில் எடுத்த வாடகை வீட்டில், திவாலாகிக் கடன்காரர்களுக்கு அஞ்சி ஒளிந்திருந்த நண்பர்களுக்கு மார்வெல் இடம் கொடுத்திருந்தார். அவர்களில் ஒருவரான எட்வர்ட் நெல்தார்ப்பின் பெயரில் ஒரு பொற்கொல்லரிடம் 500 பவுண்டு போடப்பட்டிருந்தது. மார்வெலுக்குப் பின் சில வாரங்களில் நெல்தார்ப்பும் இறந்தார். அது நெல்தார்ப்பின் பணமா, மார்வெலின் பணமா என்று வழக்கு எழுந்தது. “நான் மார்வெலின் மனைவி, 1667இல் ரகசியமாக மணந்துகொண்டோம்” என்றார் மேரி.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1681இல் மார்வெலின் கவிதைகள் நூலாயின. இவை என் கணவர் கைப்பட எழுதியவை என்று முன்பக்கத்தில் சான்றளித்துக் கையொப்பமிட்டவர் ‘மேரி மார்வெல்’. ஆய்வாளர்கள் நெடுங்காலம் அவரைப் பொய்க்காரி என்றே எழுதினார்கள். எனக்கு அந்த ஏளனம் பிடிக்கவில்லை. எஜமானின் தாள்களை அடுப்பில் போடாமல் வைத்திருந்தவர் அவர். திருமணம் உண்மையோ இல்லையோ, தோட்டக் கவிதைகளும் காதல் கவிதைகளும் அந்த நூலால்தான் நம்மை வந்தடைந்தன.

கிராம்வெல் பற்றிய கவிதைகளுக்கு அந்த நற்பேறு இல்லை. 1681இன் அரசியல் சூடு அப்படி. அச்சிட்ட தாள்களை ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அவற்றைத் தாங்கித் தப்பிய ஒரு பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அயர்லாந்து வெற்றிக் கவிதை பொது வாசகர் கைக்கு வந்தது 1776இல், ஹல் ஊர்க்காரரான கடற்படைத் தளபதி எட்வர்ட் தாம்சன் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பில்.

(தொடரும்)