மதராஸுக்கு வந்த வால்நட்சத்திரத் தந்தி

தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறப்பும் இறப்பும் 'உடனே புறப்பட்டு வா'வும் என் விரல் வழியே நிறையப் போயிருக்கின்றன. ஆனாலும் தந்தி என்றதும் நினைவுக்கு வருவது நான் கையாளாத ஒன்று. 1872 நவம்பர் 30 அன்று மதராஸுக்கு வந்தது அது. அனுப்பியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் வானாய்வகத்து கிளிங்கர்ஃபூஸ். பெற்றவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். காசை எண்ணி எழுதிய தந்திதான், விஷயம் மட்டும் பெரியது: 27ஆம் தேதி பியேலா பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடுக.

பியேலா என்பது ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவந்த வால்நட்சத்திரம். அதன் பாதை பூமியின் பாதையை ஒட்டிப் போகிறது என்ற கணக்கு வெளியானதும், 1832இல் அது மோதிவிடும் என்று ஐரோப்பாவில் பீதி கிளம்பியது. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்நட்சத்திரம்தான் 1846இல் இரண்டாக உடைந்தது. 1852இல் இரண்டு துண்டுகளும் வந்து போயின. அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானத்தில் மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிகற்கள் பொழிந்தன. பியேலா உதிர்த்த தூசிக்குள் பூமி புகுந்து வெளியேறியிருந்தது.

எரிகற்கள் ஆண்ட்ரோமெடா மண்டலத்துப் பக்கமிருந்து வந்தன. அப்படியானால் வால்நட்சத்திரம் அதற்கு நேரெதிர்த் திசையில் விலகிப் போய்க்கொண்டிருக்கும் என்று கிளிங்கர்ஃபூஸ் கணித்தார். அந்தத் திசை தெற்கே சென்டாரஸ் மண்டலத்தில் இருந்தது. கோட்டிங்கனிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்தை விட்டு அதிகம் மேலே எழாது. 13 பாகை வடக்கில் இருக்கும் மதராஸில் விடியலுக்கு முன் தெளிவாகத் தெரியும். போக்சனும் லேசுப்பட்டவர் அல்லர். 1861இல் இங்கே வந்த சில மாதங்களில் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்து, ஆசிய மண்ணிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தவர்.

ஆனால் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். முதல் விடியலில் மேகமும் மழையும். இரண்டாம் விடியலும் அப்படியே. மூன்றாம் நாள் மேகம் கொஞ்சம் விலகிய இடைவெளியில், வெளிச்சம் பரவத் தொடங்கிய வானத்தில், வாலில்லாத வட்டமான ஒளித்திட்டு ஒன்று அவருக்கு அகப்பட்டது. பக்கத்து நட்சத்திரத்தோடு நான்கே முறை ஒப்பிட்டு அதன் இடத்தைக் குறிக்க முடிந்தது. மறுநாள் இன்னும் நன்றாகப் பார்த்தார். மெல்லிய வாலும் தெரிந்தது. அதற்கடுத்த நாள் மழை திரும்பிவிட்டது.

இங்கேதான் கதை முறிகிறது. சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையைக் கணிக்க, குறைந்தது மூன்று வேளைகளில் அது நின்ற இடம் தெரிய வேண்டும். போக்சன் கையில் இருந்தவை இரண்டு. பியேலா அப்போது அந்த இடத்தில் இருந்திருக்க முடியாது என்று பின்னர் கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் அவர் கண்டது வேறு ஏதோ வால்நட்சத்திரம். பாதை கணிக்க முடியாதவற்றுக்குப் போடும் 'எக்ஸ்' எழுத்தோடு, எக்ஸ்/1872 எக்ஸ்1 என்று அது இன்றும் பட்டியலில் கிடக்கிறது. போக்சனைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

விண்ணிலிருந்து வரும் ஆபத்தைத் தடுப்பது என்றதும் ஏவுகணையும் வெடியும்தான் பலருக்குத் தோன்றும். எனக்கு அந்த மூன்றாவது இடம்தான் தோன்றும். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைக் கண்டது. 2032இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, உலகமே பேசியது. பிறகு சில நாட்களிலேயே அந்த அச்சம் கலைந்தது. யாரும் சிறுகோளைத் தொடவில்லை. பல நாட்டுத் தொலைநோக்கிகள் அது நின்ற இடத்தைத் திரும்பத் திரும்பக் குறித்தன, அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபாஸ் மீது மோதியபோதும், அதன் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை அளந்து சொன்னவை பூமியில் இருந்த தொலைநோக்கிகளே.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில், சூரியன் இருக்கும் திசையிலிருந்து யாரும் பாராமல் வந்த விண்கல் ஒன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்து, ஏறத்தாழ 1500 பேரைக் காயப்படுத்தியது. ஆண்டு முடிவதற்குள், சிறுகோள் எச்சரிக்கைக்கான சர்வதேச வலையமைப்பு ஒன்று வேண்டும் என்ற பரிந்துரையை ஐ.நா. பொதுச்சபை வரவேற்றது. என் வானத்தில் தெரியாததை உன் வானத்தில் பார்த்துச் சொல் என்று கிளிங்கர்ஃபூஸ் ஒருவரிடம் கேட்டார். அப்படி உருவான வலையமைப்பு அதையே ஒரே சமயத்தில் பல ஊர்களிடம் கேட்கிறது. மதராஸில் மழை பெய்தால் வேறோர் ஊரில் வானம் வெளுத்திருக்கும்.