மேடையும் மானமும்

காவிரிப் படுகையின் நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் கும்பகோணம் பாலாமணி அம்மாளின் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்று நடிக்கும் நாடகக் குழு ஒன்றை அவர் நடத்தினார். ஆதரவற்று நின்ற தேவதாசி மரபுப் பெண்கள் பலருக்கு அக்குழுவே சோறும் கூரையுமாக இருந்தது. எனினும் அவர் பெயரைச் சொன்னதும் முன்வந்து நிற்பது அந்த ஆதரவன்று. ‘தாரா சசாங்கம்’ என்னும் நாடகமே. அதில் அவர் ஆடையின்றித் தோன்றிய காட்சி என்று நாடக வரலாறு பேசும் ஒன்றைக் காணத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் சிறப்பு ரயில்கள் விடப்பட்டதாகச் சொல்வர். குடவாசலிலிருந்து கும்பகோணம் ஒரு வண்டிப் பயணத் தொலைவே. அக்கூட்டத்தில் நம் வட்டாரத்தாரும் இருந்திருப்பர் என்று எண்ணுவதில் பிழையில்லை.

தேவகுரு பிரகஸ்பதியின் மனைவி தாரை, கணவனின் மாணவனாகிய சந்திரன்மீது கொண்ட மையலே அந்நாடகத்தின் கதை. குருபத்தினியின் தவறும், மாணவனின் தடுமாற்றமும், அதனால் விளைந்த பூசலும் சொல்லாலும் பாட்டாலும் காட்டக்கூடியவையே. அவ்வொரு காட்சியை நீக்கிவிட்டாலும் கதையின் இழை எதுவும் அறுந்துவிடாது. அறுந்துபோவது சீட்டு விற்பனை மட்டுமே. ஒரு காட்சி கலைக்காக அமைந்ததா, கல்லாப் பெட்டிக்காக அமைந்ததா என்பதை அறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. ரயிலேறி வந்து கண்டவர்கள் ஊர் திரும்பி மதிப்போடு வாழ்ந்தனர். பாலாமணி அம்மாளோ இறுதி நாட்களை வறுமையில் கழித்தார். பழியும் அவருக்கே எஞ்சியது.

நாடகம் என்றாலே ஒழுக்கக்கேடு என்ற பேச்சு பரவியிருந்த அக்காலத்தில், 1918ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடக சபையைத் தொடங்கினார். ‘பாய்ஸ் கம்பெனி’கள் பெருகின, பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினர். மேடை தூய்மையடைந்தது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் பெண்களை மேடையினின்று அகற்றியதால், அவர்களைப் பண்டமாகக் கண்ட பார்வை அகன்றுவிட்டதா? அப்பார்வை பின்னர்த் திரைப்படக் கொட்டகைக்குள் சென்று அமர்ந்துகொண்டது.

நம் நாட்டுத் தெருக்கூத்து இவ்வகையில் வேறொரு பாடத்தைத் தருகிறது. பாஞ்சாலி துகிலுரிதல் கூத்தில் ஒரு பெண்ணின் மானத்தைப் பறிக்க முயல்வதே கதையின் உச்சம். எனினும் பெண் வேடமிட்ட நடிகரின் மேனி அங்கே காட்சிப் பொருளாவதில்லை. சேலை மட்டும் இழுபடுகிறது. அவையில் இருப்போர் நெஞ்சு பதறுகிறது. கொடுமையை உணர்த்த மேனியைக் காட்டியே தீர வேண்டும் என்பதில்லை என்று எழுத்தறியாக் கலைஞரும் அறிந்திருந்தனர்.

மேனாட்டார் இதைச் சட்டத்தால் அளக்க முயன்றனர். லண்டன் மாநகரின் விண்ட்மில் அரங்கில் 1930களில் ஆடையற்ற பெண்கள் சிலைபோல் அசையாது நிற்கலாம், அசைந்தால் குற்றம்! அசைவை அளந்தனரேயன்றி நோக்கத்தை அளந்தாரில்லை. 1968 செப்டம்பரில் அந்நாட்டு நாடகத் தணிக்கை ஒழிந்தது; மறுநாளே ஆடையற்ற காட்சியைக் கொண்ட ‘ஹேர்’ என்னும் இசை நாடகம் அங்கே அரங்கேறிற்று. நம் நாட்டிலும் 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டமும், சென்னை மாகாணத்தின் 1954ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. அவை ஆபாசத்தைவிட ஆள்வோரைக் குத்திய நாடகங்களையே அதிகம் அஞ்சின. பின்னதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. சட்டம் விலகிய இடத்தில் மனச்சான்றே நீதிபதியாக அமர வேண்டும்.

அம்மனச்சான்றைச் சோதித்த நாடகம் ஒன்று 2000ஆம் ஆண்டு மணிப்பூரின் இம்பாலில் நிகழ்ந்தது. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ என்ற கதையை ஹெய்ஸ்னம் கன்ஹைலால் மேடையேற்றினார். படையினரின் காவலில் சீரழிக்கப்பட்ட பழங்குடிப் பெண், தன்மேல் போர்த்த நீட்டப்பட்ட துணியை மறுத்து, அதிகாரியின் முன் அப்படியே சென்று நிற்கிறாள். அஞ்சிப் பின்வாங்குபவன் அதிகாரியே. ஐம்பது வயதைக் கடந்திருந்த சாபித்ரி அம்மையார் அவ்வேடத்தில் ஆடை களைந்து நின்றார். கடுங்கண்டனம் எழுந்தது. நான்காண்டுகள் கழிந்தன. 2004 ஜூலையில் மனோரமா என்னும் பெண் படையினரால் கைது செய்யப்பட்டுப் பிணமாகக் கிடந்தபோது, பன்னிரண்டு பெண்கள் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்று நீதி கேட்டனர். அவ்வாண்டு நவம்பரில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படை அக்கோட்டையை விட்டு வெளியேறியது.

நாம் ஹயாவை ஈமானோடு பிணைத்துப் போற்றும் சமுதாயத்தினர். எவரும் மேடையில் ஆடை களைவதை நம் மார்க்கம் ஏற்பதில்லை. அதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் வரலாற்றின் ஓர் ஏட்டை நினைவுகூர்தல் தகும். அறியாமைக் காலத்தில் கஃபாவை ஆடையின்றித் தவாஃப் செய்யும் வழக்கம் இருந்தது. குறைஷியரிடம் ஆடை பெற்ற வெளியூரார் உடுத்திச் சுற்றினர். பெற இயலாதோர் உடையின்றிச் சுற்றினர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, பெருமானார் (ஸல்) அவர்களின் ஆணைப்படி அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அத்தடை நாணத்தைக் காத்தது. அதனோடு, எளியவரை ஆடையற்றவராக்கிய குலப்பெருமையையும் வீழ்த்தியது.

இவ்விரண்டாவது பொருளை நாம் மறந்துவிடுகிறோம். ஆடை இழப்போர் எக்காலத்தும் எளியோரே: அன்று வெளியூர்ப் பயணி, பின்னர்த் தாசிகுலப் பெண், இன்று விழா மேடையில் நள்ளிரவு கடந்தும் கூலிக்கு ஆடும் சிறுமங்கை. கும்பகோணத்து மேடை வறியவளின் மேனியை விலைபேசிற்று; இம்பால் மேடை அம்மேனியைச் சிதைத்தவனைக் கூண்டில் ஏற்றிற்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. தராசில் இரண்டும் ஒன்றல்ல. இம்பாலின் வழியை நம் பிள்ளைகளுக்குக் காட்ட நாம் விரும்போம். ஆனால் அப்பெண்களை நாணமற்றவர் என்று ஏசவும் நமக்கு உரிமையில்லை. அந்நாணக்கேடு அவர்களை அந்நிலைக்குத் தள்ளியவரையே சாரும்.

ஆகவே, ஆடல் பாடல் மேடைகளைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியோர்கள், ஆடும் பெண்ணைக் கேட்கும் முன், அவளுக்குக் கூலி பேசியவரையும் முன்வரிசையில் அமர்ந்திருப்போரையும் கேட்கட்டும். பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்குத்தான் இறைமறை முதலில் கட்டளையிட்டது.