வீட்டிலேயே சீ சியோங் ஃபன்: விரத நாளிலும் உண்ணலாம்

சீ சியோங் ஃபன் என்பது அரிசி மாவைத் தட்டில் மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டும் சீனப் பலகாரம். காலைச் சந்தையிலும் பசார் மாலாமிலும் நம் பிள்ளைகள் அதை விரும்பி வாங்குகிறார்கள். பெரியவர்கள் சிலர் பெயரைக் கேட்டதுமே ஒதுக்கிவிடுகிறார்கள்.

பெயரும் பொருளும்

கண்டோனீஸ் மொழியில் ‘சீ சியோங்’ என்றால் பன்றிக் குடல். சுருளின் தோற்றத்தால் வந்த பெயர் இது. மாவில் குடலும் இல்லை, இறைச்சியும் இல்லை. அசைவம் சேர்வது பூரணத்திலும் மேலே ஊற்றும் சாஸிலும்தான். ஹாங்காங் முறையில் இறாலோ, ‘சார் சியூ’ எனும் பன்றி இறைச்சியோ உள்ளே வைப்பார்கள். வியட்நாமின் ‘பான் குவோன்’ சுருளில் கொத்திய பன்றி இறைச்சியும் காளானும் இருக்கும். நமக்கு அண்டையிலுள்ள பினாங்கில் பூரணம் கிடையாது. ஆனால் அதன் மேல் ஊற்றும் கறுப்பு ‘ஹே கோ’ இறாலில் செய்வது. புரட்டாசி விரதம் இருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு வீட்டில் செய்வதே நிம்மதி.

தேவையானவை (8 முதல் 10 சுருள்)

தாளுக்கு: பச்சரிசி மாவு 120 கிராம், மரவள்ளி மாவு 20 கிராம், சோள மாவு 20 கிராம், தண்ணீர் 480 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி. கடையில் ‘தெப்புங் பெராஸ்’ என்று கேளுங்கள். ‘தெப்புங் புலுட்’ வேண்டாம். அது ஒட்டரிசி மாவு. வறுத்த இடியாப்ப மாவும் சரிவராது.

பூரணத்துக்கு: துருவிய செங்குவாங், கேரட், பொடியாக நறுக்கிய தௌகுவா, மிளகுத்தூள், உப்பு.

சாஸுக்கு: கிச்சாப் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி. சிப்பி சாஸ் சைவமல்ல.

செய்முறை

1. மாவுகளைக் கட்டியில்லாமல் கரைத்து 30 நிமிடம் வையுங்கள். கரைசல் மோர் போல் நீர்க்க இருக்க வேண்டும்.

2. பூரணத்தை நீர் வற்றும்வரை வதக்கி ஆறவிடுங்கள். ஈரம் இருந்தால் தாள் கிழியும்.

3. இட்லிப் பானையில் தண்ணீர் நன்கு கொதிக்கட்டும். அடி தட்டையான தட்டில் எண்ணெய் தடவி உள்ளே சமமாக வையுங்கள். சாய்ந்தால் ஒரு பக்கம் தடித்துவிடும்.

4. மாவு அடியில் தங்கிவிடும்; ஒவ்வொரு முறையும் கலக்கி, ஒரு சிறு கரண்டி அளவு ஊற்றிப் பரப்புங்கள். மூடி 2 முதல் 3 நிமிடம் வேகவையுங்கள். தாள் கண்ணாடிபோல் மாறிக் குமிழ் எழும்பினால் வெந்துவிட்டது.

5. தட்டை வெளியே எடுத்து ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஓரத்தில் பூரணம் வைத்து, எண்ணெய் தடவிய கரண்டியால் மெதுவாகச் சுருட்டுங்கள்.

6. சாஸுக்கானவற்றைச் சூடாக்கிச் சீனி கரைந்ததும் ஊற்றி, வறுத்த எள் தூவிப் பரிமாறுங்கள்.

தாள் கிழிந்தால் அடுத்த முறை மாவைச் சற்றுக் கூடுதலாக ஊற்றுங்கள். ரப்பர்போல் இழுத்தால் மரவள்ளி மாவைக் குறையுங்கள்.

எவ்வளவு நேரம் வைக்கலாம்?

வெந்த அரிசி உணவை நம் வெயிலில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. அதில் வளரும் ‘பேசிலஸ் சீரியஸ்’ எனும் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் காலையில் செய்து, முதல் ஓய்வு வேளையிலேயே உண்ணச் சொல்லுங்கள். மீந்ததை உடனே குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் 3 நிமிடம் ஆவி காட்டினால் மீண்டும் மென்மையாகும்.