அறுபது நாளும் அளவற்ற நாளும்

அரசாங்கங்களின் வரலாற்றைப் பயிலும்போது போர்களும் உடன்படிக்கைகளும் நம் கண்முன் பெரிதாக நிற்கின்றன. அரசாங்கத்தின் வாயிலில் விண்ணப்பத்துடன் நின்றவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் உடல் ஊனத்தால் உழைக்கும் ஆற்றலை இழந்தவர்கள், சட்டம் தமக்கு வகுத்த உதவித்தொகையைப் பெற எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதையும், அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை இட முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதையும் இப்போது பார்ப்போம்.

அந்நாட்டின் விடுதலைப் பிரகடனம் வெளியானது 1776 ஜூலை 4-ஆம் நாள். எட்டு வாரம் நிறைவதற்குள், ஆகஸ்டு 26-ஆம் நாளிலேயே, போரில் கை கால்களை இழந்தவருக்குப் பாதிச் சம்பளம் அளிப்பது என்று காங்கிரஸ் சபை தீர்மானித்தது. மனம் விரைந்தது, கை விரையவில்லை. வரி விதிக்கும் அதிகாரம் அச்சபைக்கு இல்லாமையால் பணம் கொடுக்கும் பொறுப்பு மாநிலங்களின்மீது விழுந்தது. ஒழுங்காகக் கொடுத்த மாநிலங்களும் உண்டு. கொடாத மாநிலங்களும் உண்டு.

புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின், 1792 மார்ச்சு மாதத்தில் வேறொரு சட்டம் பிறந்தது. ஊனமுற்ற வீரர் சுற்று நீதிமன்றத்தின் முன் தோன்ற வேண்டும். நீதிபதிகள் ஊனத்தின் அளவை ஆராய்ந்து போர் மந்திரிக்கு எழுத வேண்டும். ஐயம் எழுந்தால் மந்திரி அதை நிறுத்தி வைக்கலாம். பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் ஹேபர்ன் என்னும் வீரரின் விண்ணப்பம் அவ்வாண்டு ஏப்ரலில் பிலடெல்பியாவில் நீதிபதிகளின் முன் வந்தது. அவர்கள் அதை விசாரிக்க மறுத்துவிட்டார்கள். நீதிபதிகள் முடிவு செய்ததை ஒரு மந்திரி மாற்றலாம் என்றால் நீதித்துறையின் சுதந்திரம் என்னாவது என்பது அவர்களுடைய கேள்வி. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. உச்ச நீதிமன்றமோ அடுத்த அமர்வுக்கு ஒத்திவைத்தது. தீர்ப்பு வருமுன்னர், 1793 பிப்ரவரியில், காங்கிரஸ் சபை சட்டத்தையே மாற்றிவிட்டது.

அதிகாரப் பிரிவினையைப் பற்றிப் பேசுவோர் இவ்வழக்கை இன்றும் எடுத்துக் காட்டுவார்கள். நீதிபதிகள் கூறியதில் பிழையில்லை என்றே நானும் கருதுகிறேன். ஆயினும், அந்தக் கொள்கை நிலைநாட்டப்பட்ட மாதங்களில் ஊதியமின்றி நின்றவர் யார் என்பதையும் சட்டம் பயிலும் மாணவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

உள்நாட்டுப் போர் மூண்டபின் 1862-இல் வந்த சட்டம், முற்றிலும் ஊனமுற்ற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் வகுத்தது. 1879-இல் வந்த சட்டமோ, படையிலிருந்து விலகிய நாள்முதல் கணக்கிட்டுப் பாக்கித்தொகையையும் கொடுக்கச் சொல்லிற்று. விண்ணப்பங்கள் வெள்ளமெனப் பெருகின. அவற்றை ஆராயும் குமாஸ்தாக்களுக்காகவே வாஷிங்டன் நகரில் 1882 முதல் 1887 வரை ஒரு பெரும் மாளிகை எழுப்பப்பட்டது. அதன் வெளிச்சுவரைச் சுற்றிலும் சுடுமண்ணாலான சிப்பாய்களின் வரிசை அணிவகுத்துச் செல்கிறது. காகிதக் கட்டுகளுக்கு இத்தனை பெரிய வீடு தேவைப்பட்டது என்பதே அக்காலத்து நிலைமையை உணர்த்தப் போதும்.

இவையெல்லாம் போர்வீரர்களைப் பற்றியவை. ஆலையிலும் வயலிலும் கடையிலும் உழைத்தவருக்கு 1956 வரையில் மத்திய அரசாங்கத்தின் ஊனக் காப்புறுதி கிடையாது. மருத்துவர் சங்கம் வலுவாக எதிர்த்தது. செனட் சபையில் 47-க்கு 45 என்ற வாக்கில்தான் அத்திட்டம் பிழைத்தது. ஜனாதிபதி ஐசனோவர் ஆகஸ்டு முதல் நாள் கையொப்பமிட்டார். 50 வயது நிரம்பியவருக்கே உதவி என்று முதலில் இருந்த வரம்பு 1960-இல் நீக்கப்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: ஊனம் நேர்ந்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டமே கூறியது. விரைவில் குணமடையக் கூடியவர்களை விலக்குவது அதன் நோக்கம். 1972-இல் அது ஐந்து மாதமாயிற்று. இது சட்டம் விதித்த காத்திருப்பு. விண்ணப்பம், மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதியின் விசாரணை, மேன்முறையீட்டுக் குழு, நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறும்போது நேரும் காத்திருப்புக்குச் சட்டத்தில் அளவு சொல்லப்படவில்லை.

வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் என்பவர் 1968-இல் இந்த உதவியைப் பெறத் தொடங்கினார். மனப்பதற்றமும் முதுகுவலியும் அவரை வேலை செய்ய இயலாதவராக்கின. பின்னர் நீரிழிவும் சேர்ந்தது. 1972 மார்ச்சில் அரசாங்கத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. பதில் எழுதினார். நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள் என்று மறுமொழி வந்தது, உதவி நின்றது. அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். ஆனால் நிறுத்திய நாளுக்கும் விசாரணைக்குப்பின் இறுதி முடிவு கிடைக்கும் நாளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆகும். என்னை நேரில் விசாரிக்காமல் எப்படி நிறுத்தலாம் என்று அவர் நீதிமன்றம் சென்றார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் வென்றார்.

1976 பிப்ரவரி 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் மருத்துவச் சான்றே முக்கியம், அது எழுத்திலேயே இருக்கிறது. முன்கூட்டி விசாரணை நடத்தினால் பொருட்செலவு மிகும். பின்னர் வென்றால் பாக்கி முழுவதும் கிடைத்துவிடும். இவ்வாறு சென்றது நீதிபதி பவலின் வாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட தாமதத்தை அவரும் மறுக்கவில்லை. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரென்னன் வேறொன்றைச் சுட்டிக் காட்டினார். உதவி நின்றபின் எல்ட்ரிட்ஜின் வீடு கடனுக்குப் போயிற்று. தவணையில் வாங்கிய தட்டுமுட்டுச் சாமான்களும் பறிமுதலாயின. அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் படுத்துறங்க நேர்ந்தது. பாக்கித்தொகை எவ்வளவு நேர்மையாகக் கணக்கிடப்பட்டாலும், போன வீட்டை அது மீட்டுத் தருமா? பவலின் தர்க்கத்தில் நான் காணும் இடைவெளி இதுவே.

காத்திருப்பவர் அந்நாட்களில் ஏதேனும் வேலை செய்து பிழைக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதில்தான் சங்கடம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் ஈட்டினால், அதுவே அவர் உழைக்க வல்லவர் என்பதற்குச் சான்றாகிவிடும். வழக்கை வெல்ல வேண்டுமானால் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

காலத்துக்கு எல்லை கட்டும் முயற்சியும் நடந்தது. வெர்மாண்ட் மாநிலத்தில் நீண்ட தாமதத்துக்கு ஆளானவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மறுபரிசீலனையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்; விசாரணை கேட்டால் 90 நாளுக்குள் நடத்த வேண்டும்; தவறினால் இடைக்கால உதவி கொடுக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் ஆணையிட்டது. 1984-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற வாக்கில் அந்த ஆணையைத் தள்ளிவிட்டது. இப்படிப்பட்ட கெடுக்களை விதிக்கும் யோசனையைக் காங்கிரஸ் சபை அறிந்தே ஏற்காமல் விட்டிருக்கிறது. அதை நீதிமன்றம் விதிக்கலாகாது என்பது காரணம். விரைவு மிகுந்தால் தவறும் மிகும் என்ற அச்சமும் அதில் இருந்தது. அது பொய்யான அச்சமன்று. ஆனால் விண்ணப்பதாரருக்கு மட்டும் கெடு உண்டு. பாதகமான முடிவு கிடைத்த 60 நாளுக்குள் அவர் மேன்முறையீடு செய்தாக வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017-இல் நிர்வாக நீதிபதியின் விசாரணைக்காகச் சராசரியாக ஏறத்தாழ 600 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதன்பின் அந்த வாயிலில் நெருக்கம் தளர்ந்தது. ஆனால் முதல் வாயிலில் கூட்டம் பெருகிற்று: 2019-இல் நான்கு மாதமாக இருந்த முதல் முடிவுக்கான காலம் 2023-இல் ஏழு மாதத்தைத் தாண்டியது. விசாரணைவரை சென்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தகுதியுடையவர் என்றே தீர்ப்புப் பெறுகிறார்கள். அப்படியானால் நெடுங்காலம் நின்றவர்களில் பாதிப் பேர் நிற்க வேண்டாதவர்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் தணிக்கை அலுவலகம் 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008 முதல் 2019 வரை மேன்முறையீடு செய்தவர்களில் 1,09,725 பேர் இறுதி முடிவு வருமுன்னர் இறந்து போனார்கள் என்று அது கணக்கிட்டது. 2014 முதல் 2019 வரை காத்திருந்தவர்களில் ஏறத்தாழ 48,000 பேர் திவாலாகி நீதிமன்றத்தில் மனுச் செய்தார்கள். இறந்தவரின் காப்புறுதி வழக்கை அவருடைய மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ தொடர்ந்து நடத்திப் பாக்கியைப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அதற்கென்று தனிப் படிவம் ஒன்றும் உண்டு.