யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள்?
சென்னைச் சேரிப் பள்ளிகளை மதிப்பிட்ட வரலாறு



சேரியை ஒட்டி நிற்கும் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி நல்ல பள்ளியா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? வடசென்னையில் மாலை வகுப்பு நடத்திவரும் நாங்கள் அப்படி ஒரு பள்ளியைப் பற்றி மதிப்பீடு எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. அளவுகோல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நம் மக்கள் செய்யவில்லை. ஆகவே மதிப்பீட்டைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அளவுகோல்களின் வரலாற்றைத் தேடிப் போனோம். அந்தத் தேடலைத்தான் இந்த நினைவுச் சொற்பொழிவில் உங்கள் முன் வைக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் உதவிபெறும் பள்ளிகளுக்குத் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறை இருந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை நிற்கவைத்துத் தேர்வு நடத்துவார், தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பணம் வரும். தேறாத பிள்ளை பள்ளிக்கு நட்டம். அறுவடைக்கும் நடவுக்கும் போய்விடும் பிள்ளைகள், கூலி தேடிப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழுந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையை அடுத்து, 1893இல் அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனிச் சலுகைகளை அறிவித்தது. அதை நம் கல்வியின் மகாசாசனம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. சலுகை வந்தது உண்மைதான். அளக்கும் கை மட்டும் மாறவில்லை.

அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாறில் ஊரூருக்கு அருகே முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர் நகரின் வேறு பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவித் திரும்பியதும், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்ததும் இதே காலத்தில்தான். நம் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறாது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை இந்தப் பள்ளிகள் தேர்வு முடிவுகளைக் கொண்டே பொய்யாக்கின. அந்த வெற்றியை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அவை தொடக்க நிலையோடு நின்ற பள்ளிகள். அதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன ஆகலாம் என்பதை அளக்க அவற்றிடம் எந்தக் கோலும் இல்லை.

ஆல்காட்டுக்குப் பின் அதே பிரம்மஞான சபையின் தலைவரான அன்னி பெசன்ட் 1909இல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது. முதலில் அவர்களுக்குத் தூய்மையும் நடத்தையும் கற்றுத்தர வேண்டும். அவர்களின் உடலே தலைமுறைகளாக உண்ட உணவாலும் குடியாலும் கெட்டிருக்கிறது என்பது அவர் வாதம். அம்பேத்கர் 1945இல் எழுதிய, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துவைத்தார். இங்கே எடைபோடப்படுவது பள்ளி அல்ல, பிள்ளையின் உடம்பு. இந்தக் கோல் பெசன்ட்டோடு போய்விடவில்லை. இன்றும் ஒரு தாய் தன் பெண்ணை மாநகராட்சிப் பள்ளியிலிருந்து எடுத்துவிடக் காரணம் கேட்டால், பல நேரம் வரும் பதில் பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "அங்க வர்ற பசங்க சரியில்ல" என்கிறார்கள். சேரிக்குள்ளேயே ஒரு வீடு இன்னொரு வீட்டைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக அது மாறியிருக்கிறது.

1920இல் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவாக வருகிறார்கள், வருகிறவர்களும் மிக ஏழைகள் என்று மன்றத்தில் சொல்லப்பட்டபோது, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடித்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படி முடிக்கவில்லை. வருகைக் குறைவுக்குக் காரணம் பசி என்று படித்தார்கள். எங்கள் பார்வையில், இந்த நகரத்தில் ஒரு பொதுப்பள்ளியைப் பற்றி எழுதப்பட்ட முதல் நேர்மையான மதிப்பீடு அந்தத் தீர்மானம்தான். திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்க முடியாது என்று அரசு கைவிரித்ததும் உணவு நின்றது, வருகையும் விழுந்தது. சோறு கல்விச் செலவு ஆகாது என்று தீர்ப்பெழுதிய கோப்புக்கும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது. (1953இன் குலக்கல்வித் திட்டம் கிராமப்புறப் பள்ளிகளுக்கானது என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.)

எங்களுக்கு வழி காட்டிய கோல் பம்பாயிலிருந்து கிடைத்தது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் குறித்துப் பேசிய அம்பேத்கர், தொடக்கப்பள்ளியில் நுழையும் 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்றார். அவர் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். ஆய்வாளர் வரும் நாளில் பெஞ்சில் இருப்பவர்களை அவர் எண்ணவில்லை. நுழைந்தவர்களை எண்ணி, காணாமல் போனவர்களைத் தேடினார்.

இன்றைய கருவிகளில் பல இதற்கு நேர்மாறானவை. 2005 முதல் வரும் அசர் ஆய்வு கிராமப்புற வீடுகளுக்குத்தான் போகிறது. நகரத்துக் குடிசை அதில் இல்லை. தேசிய அடைவுத் தேர்வு அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளையை மட்டும் அறியும். யுடைஸ் படிவம் கழிப்பறை எத்தனை என்று கேட்கும், அதை யார் கழுவுகிறார்கள் என்று கேட்காது.

நாங்கள் சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தோம். தலைமையாசிரியர் அனுமதித்தார், அலமாரியைத் திறந்து தூசி தட்டிக் கொடுத்ததும் அவர்தான். சில மாதங்களில் டி.சி.க்கள் ஒன்றிரண்டாகப் போகின்றன. சில மாதங்களில் அடுத்தடுத்த எண்களில், ஒரே தெருப் பிள்ளைகளாக, அண்ணனும் தங்கையுமாகப் போகின்றன. போன இடம் என்ற பத்தியில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். தெருவே பெயர்க்கப்பட்ட மாதங்கள் அவை. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் கல்வியாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பொதுத்தேர்வு நேரத்தில் வீடுகள் இடிக்கப்பட்டன. டி.சி. வாங்காமலே போன பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் நெடுநாள் தொங்கி, பிறகு "நீண்ட நாள் வராமை" என்று சிவப்பு மையில் அடிக்கப்படுகிறது.

அதன்பின் நடப்பதைச் சட்டமே செய்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. ஒரு தெரு காலியானால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் நிலை வருகிறது. அதைப் பார்த்து மிச்சமிருக்கும் பெற்றோரில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் போகிறார்கள். அதே சட்டத்தின் 25 விழுக்காட்டுப் பிரிவு, அரசுப் பணத்தில், தனியார் பள்ளிக்கு வழியும் காட்டுகிறது. கடைசியில் 'மாணவர் எண்ணிக்கை குறைவு' என்று அறிக்கை எழுதப்படுகிறது. குடியிருப்பை இடித்த துறை அந்த அறிக்கையில் எங்கும் வருவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இரண்டெழுத்துச் சொல்லையே கூட்டித்தான் படித்தார்கள். இதை எழுதினால் பள்ளியை மூட நினைப்பவர்களுக்குச் சாதகமாகும் என்று நம் தோழர்களில் சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. படிக்கத் தெரியாத பிள்ளை நம் பிள்ளை. அரசுப்பள்ளியைக் காப்பது என்ற பெயரில் அவளைக் கணக்கிலிருந்து விட்டால், மானியத்துக்காக அவளைப் பின்வரிசையில் ஒளித்துவைத்த பழைய பள்ளிக்கும் நமக்கும் வேறுபாடு இல்லாமல் போகும்.

அறிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசித்தோம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வந்திருந்த தாய்மார்களில் பலர் தூய்மைப் பணியிலிருந்து நேரே வந்தவர்கள். வாசிப்புத் திறன் பற்றிய பகுதியை அமைதியாகக் கேட்டார்கள். பதிவேட்டுப் பகுதி வந்ததும் பேசத் தொடங்கினார்கள். எந்த எண் எந்த வீட்டுப் பிள்ளை, இப்போது எங்கே இருக்கிறது, எது வேலைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். சிவப்பு மையில் அடித்த பெயர்களுக்கு நேராகப் பென்சிலால் குறித்துக்கொண்டோம். பட்டியல் இன்னும் முடியவில்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் தோழர்கள் மீதிப் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.