புள்ளி வைத்த கணக்கு

மலர்க்குழு நண்பர்கள் "பழைய நினைவு ஏதாவது எழுதுங்க" என்றுதான் கேட்டார்கள். விடுதி சாம்பாரைப் பற்றியும் கிரிக்கெட் தோல்விகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் நிறைய. எனக்கு நினைவில் நிற்பது ஒரு கரும்பலகை.

இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு. எங்கள் பேராசிரியர் ஒருநாள் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சாக்பீஸால் மேலே நான்கு புள்ளி, அதன் கீழே இடது ஓரமாக ஒரு புள்ளி வைத்தார். "இது என்னப்பா?" என்றார். "அஞ்சு சார்." "அஞ்சுதான். எந்த அஞ்சு?" நாங்கள் முழித்தோம். "நாலும் ஒண்ணும். இப்போ மேலேயிருந்து கீழே, பத்தி பத்தியா எண்ணு." எண்ணினோம். 2, 1, 1, 1. அதுவும் அஞ்சு. "புரிஞ்சவன் கை தூக்கு" என்றார். ஒரு கையும் எழவில்லை. எனக்கு அது புரியப் பல வருடமாயிற்று. புரிந்த மட்டும் இங்கே எழுதுகிறேன். அந்தப் புள்ளிகளுக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது.

ஒரு முழு எண்ணைச் சிறு எண்களின் கூட்டாக எழுதுவதற்குப் பிரிவினை என்று பெயர். 5-க்கு ஏழு பிரிவினைகள்: 5, 4+1, 3+2, 3+1+1, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1. வரிசை மாறினால் கணக்கில்லை. குழந்தை விளையாட்டு மாதிரிதான் தெரியும். 1740-ல் பெர்லினிலிருந்து நோடே என்பவர், 50-ஐ வெவ்வேறான ஏழு எண்களாக எத்தனை விதத்தில் பிரிக்கலாம் என்று ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். விடை 522. ஆய்லர் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து இதைச் சொல்லவில்லை. முடிவில்லாத பெருக்கல் தொடர்களை அமைத்து, விடை அவற்றிலிருந்து தானாக விழும்படி செய்தார். அதே வழியில் இன்னொன்றும் கண்டார். ஒற்றைப்படை எண்களை மட்டும் கொண்ட பிரிவினைகள் எத்தனையோ, ஒரே எண் இரண்டு முறை வராத பிரிவினைகளும் அத்தனையே. 5-க்குப் பார்த்தால் 5, 3+1+1, 1+1+1+1+1 ஒரு பக்கம். 5, 4+1, 3+2 மறுபக்கம். மூன்றுக்கு மூன்று.

தொடர்களைப் பெருக்கினால் இரண்டும் ஒன்றாகி விடுகிறது. நிரூபணம் முடிந்தது. ஆனால் மனசு ஒத்துக்கொள்கிறதா? கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒருவராக உட்கார்ந்துவிட்டால், இலையையும் எண்ண வேண்டாம், ஆளையும் எண்ண வேண்டாம். இரண்டும் சமம் என்பது கண்ணுக்கே தெரியும். அந்த மாதிரி, இந்தப் பக்கத்துப் பிரிவினை ஒவ்வொன்றையும் அந்தப் பக்கத்தில் அதற்கென்று உள்ள இலையில் உட்கார வைக்க முடியுமா? ஆய்லருடைய இந்தச் சமத்துக்குக் கிளேஷர் 1883-ல் வழி சொன்னார். ஒரே எண் இரண்டு இருந்தால் சேர்த்து ஒன்றாக்கு. மறுபடி இரண்டு இருந்தால் மறுபடி சேர். 3+1+1 என்பது 3+2 ஆகும். ஐந்து ஒன்றுகள் 2+2+1 ஆகி, பிறகு 4+1 ஆகும். திரும்பி வர, இரட்டைப்படை எண்களைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டே வரவேண்டும். அவ்வளவுதான்.

புள்ளிகளுக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜ்காரர் ஃபெரர்ஸ் சொன்ன யோசனை என்று 1853-ல் இதை அச்சில் கொண்டுவந்தவர் சில்வெஸ்டர். எங்கள் பேராசிரியர் செய்ததேதான்: வரிசையாகப் படித்தால் ஒரு பிரிவினை, பத்தியாகப் படித்தால் அதன் ஜோடி. ஆகவே "மிகப் பெரிய எண் 4" என்ற பிரிவினைகளும் "மொத்தம் 4 எண்கள்" என்ற பிரிவினைகளும் சரிசமம். எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

சில்வெஸ்டர் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1837-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம். ஆனால் அவர் யூதர். ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டால்தான் அன்றைக்குப் பட்டம். அவர் கையெழுத்திடவில்லை, கேம்பிரிட்ஜ் பட்டம் அவர் கைக்கு வந்தது 1872-ல். 1876-ல், அறுபது வயது தாண்டிய பிறகு, பால்டிமோரில் புதிதாகத் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். இரண்டே வருடத்தில் அங்கிருந்து ஒரு கணித ஏட்டைத் தொடங்கினார். 1882-ல் பிரிவினைகளைப் பற்றி அதில் எழுதிய நீண்ட கட்டுரைக்கு நாடகம் போல மூன்று அங்கம், ஓர் இடைக்காட்சி, ஒரு முடிவுக்காட்சி என்று தலைப்பு வைத்தார்! மாணவர்கள் டர்ஃபியும் ஃப்ராங்க்ளினும் அந்த நாடகத்தில் பங்குகொண்டவர்கள். புள்ளிகளை ஒரு வரிசை இங்கே எடுத்து அங்கே வைத்தே ஆய்லரின் கடினமான தேற்றம் ஒன்றை ஃப்ராங்க்ளின் 1881-ல் நிரூபித்துவிட்டார். அவர் மணந்த கிறிஸ்டின் லாட் அதே பல்கலைக்கழகத்தில் சில்வெஸ்டர் பரிந்துரைத்துச் சேர்ந்தவர். 1882-ல் டாக்டர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் முடித்தார். பெண் என்பதால் பட்டம் தரவில்லை. தந்தது 1926-ல், நாற்பத்து நான்கு வருடம் கழித்து.

அடுத்தவர் ஒரு பட்டாளத்துக்காரர். பெர்சி மக்மஹோன், மால்டாவில் பிறந்தவர், பீரங்கிப்படை அதிகாரி. 1873-ல் அவரை நம் சென்னைக்குத்தான் அனுப்பினார்கள். அந்த வருடமே லக்னோவுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதால் நாம் பெருமைப்பட அதிகம் இல்லை. பிறகு ஊர் திரும்பி, கணிதத்தில் இறங்கினார்.

இப்போது புள்ளிகளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். கட்டத்துக்கு ஒரு புள்ளிதான். புள்ளிகள் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒட்டி, கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒரு எறும்பு நடப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று அடி கிழக்கே, இரண்டு அடி மேலே, மொத்தம் ஐந்து அடி. ஐந்தில் எந்த இரண்டு மேலே என்று தேர்ந்தெடுத்தால் பாதை முடிவாகிவிடும். பத்து வழி. அதனால் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் பிரிவினைகளும், ஒன்றுமே இல்லாத வெற்றுப் பிரிவினையைச் சேர்த்து, பத்துதான். பாதையை எழுத்தாக எழுதினால், கிழக்கு முன்னும் மேலே பின்னுமாக வரும் ஜோடிகள் எத்தனையோ அத்தனை புள்ளிகள் உள்ளே இருக்கும்.

இப்படிப்பட்ட எழுத்து வரிசைகளில், வரிசை குலையும் இடங்களின் எண்களைக் கூட்டி இன்னொரு மதிப்பும் கண்டார் மக்மஹோன். தனித்தனியாக எடுத்தால் இந்த மதிப்பும் ஜோடிக்கணக்கும் வேறு வேறாக இருக்கலாம். மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பரவியிருக்கும் என்று 1913-ல் நிரூபித்தார். எதற்கு எது ஜோடி என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஃபிரான்சின் ஃபோடா, 1968-ல். மக்மஹோன் மேஜராக இருந்தவர் என்பதால் அந்த மதிப்புக்கு "மேஜர் குறியீடு" என்று பெயர் வைத்தவரும் அவரே. இலை போட்டு, ஆள் வந்து உட்கார ஐம்பத்தைந்து வருடம்!

இன்னொரு கிளை ஆல்ஃப்ரட் யங் என்பவருடையது. எஸ்ஸெக்ஸில் பேர்ட்புரூக் என்ற சிற்றூரில் 1910 முதல் பாதிரியாராக இருந்தவர். அதற்குச் சில வருடம் முன்பே, 1901-ல் தொடங்கிய தம் கட்டுரைகளில், கட்டங்களை நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார். புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிடம் எழுப்புகிறோம். விதி ஒன்றுதான்: இடப்பக்கமும் மேலேயும் உள்ள இடம் நிரம்பிய பிறகே ஒரு புள்ளியை வைக்கலாம். சிறிய உருவம் பெரிய உருவத்துக்குள் அடங்கினால் அது முந்தியது. 2+1 என்பது 2+2-க்கும் முந்தியது, 3+1-க்கும் முந்தியது. ஆனால் 2+2, 3+1 இரண்டில் எது முந்தி? சொல்ல முடியாது. தாத்தாவும் அப்பாவும் நமக்கு மூதாதையர். அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் மூதாதையர் இல்லையே, அந்த மாதிரி. இதைத்தான் கணிதத்தில் பகுதி வரிசைக் கணம் என்கிறார்கள். பெட்டிக்குள் உள்ள கட்டங்களே இப்படி ஒரு கணம். அதில் விதி மீறாமல் நிரப்பிய பகுதி ஒவ்வொன்றும் ஒரு பிரிவினை. அதன் ஓரம் ஒரு பாதை. மூன்றும் ஒன்றே. எந்தப் பகுதி வரிசைக் கணத்தின் மேலும் பிரிவினை போடலாம் என்று இதை விரித்து எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டான்லி, 1972-ல்.

நான்கு புள்ளி உருவங்களைக் கட்டும் வழிகள் முறையே 1, 3, 2, 3, 1. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1+9+4+9+1 = 24. நான்கு பேரை வரிசையில் நிறுத்தும் வழிகளும் 24! ஐந்து, ஆறு என்று எதை எடுத்தாலும் இது நடக்கும். வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரே உருவத்தைக் கட்டும் இரண்டு வழிகளை ஜோடி சேர்க்கும் முறையை ராபின்சன் 1938-ல் சொன்னார், சில்வெஸ்டர் தொடங்கிய அதே ஏட்டில். ஷென்ஸ்டெட் 1961-ல் அதை மறுபடி தாமாகவே கண்டார்.

கும்பகோணம் இன்னும் வரவில்லையே என்கிறீர்களா? வந்துவிட்டது. 1918-ல் ஹார்டியும் ராமானுஜனும் பிரிவினைகளின் எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதைச் சரிபார்க்க 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்தவர் நம் மேஜர் மக்மஹோன். 200-க்கு மட்டும் 39,72,99,90,29,388. அந்தப் பட்டியலை உற்றுப் பார்த்த ராமானுஜன், 4, 9, 14, 19 என்று ஐந்தைந்தாகப் போனால் விடைகள் 5, 30, 135, 490 என்று எல்லாம் ஐந்தால் வகுபடுவதைக் கண்டு 1919-ல் எழுதினார். 7-க்கும் 11-க்கும் இதே போல உண்டு. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. கொடுத்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வகுபடுகிறது, சரி. அப்படியானால் அந்த முப்பது பிரிவினைகளை ஆறு ஆறாக ஐந்து பந்தியில் பிரித்து உட்கார வைப்பது எப்படி? 1944-ல் ஃப்ரீமன் டைசன், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் நடத்தும் "யுரேகா" என்ற இதழில் (மாணவர் இதழ்தானே என்று யாரும் சும்மா நினைக்க வேண்டாம்) ஒரு வழி எழுதினார். மிகப் பெரிய எண்ணிலிருந்து, மொத்தம் எத்தனை எண்கள் என்பதைக் கழி. ஐந்தால் வகுத்து மீதியைப் பார். 4-க்கு: 4 என்பதற்கு 3, 3+1-க்கு 1, 2+2-க்கு 0, 2+1+1-க்கு -1, அதாவது மீதி 4, நான்கு ஒன்றுகளுக்கு -3, அதாவது மீதி 2. பந்திக்கு ஒருவர்! 5-க்கும் 7-க்கும் இது எப்போதும் சரி என்று அட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டயரும் 1954-ல் நிரூபித்தார்கள். 11-க்கு மட்டும் இந்த வழி ஒத்துவரவில்லை. வேறொன்று இருந்தே தீரும் என்று டைசன் அதற்கு "கிராங்க்" என்று முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டார். பெயர் இருந்தது, குழந்தையைக் காணோம்.

1987 ஜூனில் ராமானுஜன் நூற்றாண்டு மாநாடு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மாநாடு முடிந்த மறுநாள், அங்கேயே ஒரு மாணவர் விடுதியில் வைத்து ஜார்ஜ் ஆண்ட்ரூஸும் ஃப்ராங்க் கார்வனும் அதைக் கண்டுபிடித்தார்கள். மறுவருடம் அச்சில் வந்தது. பிரிவினையில் 1 இல்லையென்றால் மிகப் பெரிய எண்ணே கிராங்க். இருந்தால், ஒன்றுகள் எத்தனை என்று எண்ணிக்கொள். அந்த எண்ணிக்கையைவிடப் பெரிய எண்கள் பிரிவினையில் எத்தனை என்று பார்த்து, அதிலிருந்து ஒன்றுகளின் எண்ணிக்கையைக் கழி. 5, 7, 11 மூன்றுக்கும் இது பொருந்துகிறது. நாற்பத்து மூன்று வருடம் எல்லாரும் தேடியது இவ்வளவுதானா என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு வரவில்லை.

இப்போது படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. 9-க்கு முப்பது பிரிவினைகள் என்று சொன்னேன் அல்லவா, அவற்றை நோட்டில் எழுதி, டைசன் வழியில் ஐந்து பந்தியாகப் பிரித்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். எனக்கு முதல் தடவை ஒரு பந்தியில் ஏழு பேர் வந்துவிட்டார்கள். 3+3+2+1 என்பதை இரண்டு தரம் எழுதியிருந்தேன்.