பள்ளிவாசலும் பொதுக் கட்டடமே: மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்வது என்ன?

பொதுக் கட்டடம் என்றதும் தாலுகா அலுவலகமும் அரசு மருத்துவமனையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அரசுடையது ஆனாலும் தனியாருடையது ஆனாலும் பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம் எல்லாமே பொதுக் கட்டடம் என்கிறது. கல்வி, மருத்துவம், வணிகத்தோடு சமயப் பணிக்கான கட்டடங்களையும் அது குறிப்பிட்டே சேர்த்துள்ளது. அப்படியானால் நம் பள்ளிவாசல், மதரஸா, ஜமாஅத் திருமண மண்டபம் யாவும் இதில் அடங்கும்.

இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூனில். அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு அளித்தது. விதி 15(1) வெறும் பரிந்துரையாகவே இருப்பதால் செல்லாது என்று அறிவித்து, கட்டாய விதிகளை 3 மாதங்களில் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

நாம் செய்யக்கூடியவை என்ன?

- சாய்வுப் பாதை: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், 4 அடி அகலம், இருபுறமும் கைப்பிடி. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலி பின்னோக்கி உருளும்.
- வாசல்: 3 அடி அகலம் வேண்டும். நிலைப்படி தடுக்கக் கூடாது.
- கழிவறை: சக்கர நாற்காலி திரும்ப 5 அடி இடம், பிடித்து எழக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு.
- ஒளு செய்யுமிடம்: வழுக்காத தரை, உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் ஓரிரு குழாய்கள்.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பாங்கு சொன்னவர். இன்று நம் மஹல்லாவில் ஜும்ஆவுக்கு வராமல் வீட்டிலேயே இருப்பவர்களில் எத்தனை பேரைப் படிக்கட்டு தடுத்திருக்கிறது?

வரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலின் படிகளை எண்ணிப் பாருங்கள். அரையடி உயரத்தில் மூன்று படிகள் என்றால் 18 அடி சாய்வுப் பாதை போதும். அந்தக் கணக்கோடு நிர்வாகிகளிடம் பேசுவோம்.